இன்சுலினுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு

இப்போது என்னிடம் படிக்கிறவர்களுக்கு ஒரு புரதத்தின் வடிவம் தேவைப்பட்டால் கணினியிடம் கேட்கிறார்கள். தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் பதில் திரையில் வந்து நிற்கிறது. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார்கள். பள்ளம் எங்கே, அதற்குள் எந்த மருந்து போய் உட்காரும், புரதச் சங்கிலியில் இந்த இடத்தில் ஒரு கண்ணியை மாற்றினால் நொதி வேறு வேலை செய்யுமா என்று யோசிக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் புதிதாக ஒரு நொதியையே வரைந்துவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பொறாமையை மறைக்க எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, ஆகவே அவர்களுக்கும் அது தெரியும்.

"உங்கட காலத்தில எப்பிடி மிஸ் செய்தனீங்கள்?" என்று போன மாதம் ஒருத்தி கேட்டாள்.

"மாட்டின்ர வயித்தில இருந்து தொடங்கினனாங்கள்," என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அது பகிடியில்லை.

எங்கள் ஆய்வு யானைக்கால் நோயைப் பற்றியது. கொழும்பின் கரையோரத்துக்கு அந்த நோய் புதிதல்ல. நுளம்பு கடிக்க, புழு உடலுக்குள் போய் நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கும். கால் மெல்ல மெல்ல வீங்கும். அரசாங்கம் மாத்திரை கொடுத்தது. அந்த மாத்திரை இரத்தத்தில் திரியும் குஞ்சுப் புழுக்களைக் கொல்லும், வளர்ந்த புழு பெரும்பாலும் தப்பிவிடும். அதையும் கொல்ல வேண்டுமென்றால் அது எதைக்கொண்டு தன் உயிரைக் காப்பாற்றுகிறது என்று தெரியவேண்டும். அதனிடம் நஞ்சை முறிக்கும் ஒரு நொதி இருந்தது. அந்த நொதியின் வடிவத்தைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

மனிதனின் புழு எங்களுக்குக் கிடைக்காது. ஆனால் அதற்கு நெருங்கிய சொந்தமான ஒரு புழு மாட்டின் வயிற்றறைக்குள் வாழ்கிறது. ஆகவே தெமட்டகொடைப் பக்கம் மாடறுக்கும் மடுவத்துக்குப் போத்தலோடு போவது என் வேலை. எங்கள் வீடோ முட்டைகூட உள்ளே வராத யாழ்ப்பாணத்துச் சைவ வீடு. அம்மாவிடம் 'பூச்சி ஆராய்ச்சி' என்று மட்டும் சொல்லியிருந்தேன். எந்தப் பூச்சி, எங்கே கிடைக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் வலியப்போய்ச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்திலேயே தலைமுழுகிவிட்டு வீட்டுக்குப் போவேன். நான் இப்படிச் சுத்தபத்தமாக இருப்பதை அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வடிவம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பல்லுக்கட்டுகிறவரைச் சொல்வேன். அவர் முதலில் வாயை அச்செடுக்கிறார். அச்செடுக்காமல் செய்த பல் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் வாய்க்குள் நிற்காது. மருந்தும் அப்படித்தான். நொதியின் பள்ளத்தை அச்செடுத்துவிட்டால் அதற்குள் சரியாக அடைபடுகிற மருந்தை யோசித்துச் செய்யலாம். அச்சில்லாவிட்டால் கிடைத்த மருந்தையெல்லாம் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அச்செடுப்பதற்குப் புரதம் படிகமாக வேண்டும். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசையைப் பார்த்து வரிசையில் நின்றால்தான் எக்ஸ் கதிர் அவற்றின் வடிவத்தைச் சொல்லும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் உப்புக் கரைசல். மேலே மூடுகிற கண்ணாடித் துண்டின் அடிப்பக்கத்தில் புரதக் கரைசலின் ஒரு சொட்டு தலைகீழாகத் தொங்கும். விளிம்பில் வஸ்லின் பூசி மூடி, குளிரில் வைத்து, ஆட்டாமல் அசைக்காமல் காத்திருக்க வேண்டும். சொட்டிலிருந்து நீர் மெல்ல மெல்லக் கழிய, அதிர்ஷ்டம் இருந்தால் படிகம் வரும். எங்களுக்கு வந்ததெல்லாம் கழுநீர் போல ஒரு கலங்கல்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. கரைசலில் உப்பு இருக்கிறது, உப்பும் படிகமாகும். சொல்லப்போனால் புரதத்தைவிட அழகாகவே ஆகும். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம். எங்களிடம் இருந்த ஒரே வழி ஊசியால் அழுத்திப் பார்ப்பது. உப்பென்றால் கற்கண்டு மாதிரி நறுக்கென்று உடையும். புரதப் படிகத்தில் பாதி தண்ணீர், ஆகவே அது நசிந்து குழைந்துபோகும். ஆனால் அழுத்திவிட்டால் பிறகு படிகம் இல்லை. அதனால் முதல் படிகத்தை யாரும் அழுத்துவதில்லை, அது எழுதாத சட்டம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு உப்புக் கதை இருக்கும். உப்பைக் கைக்குழந்தை மாதிரி விமானத்தில் கொண்டுபோய், எக்ஸ் கதிரின் முன்னால் வைத்து, நாலு பேர் முன்னிலையில் அவமானப்பட்ட கதை.

எனக்கு அந்தப் படிகத்தோடு நாட்டைவிட்டுப் போகும் வழியும் சேர்ந்திருந்தது. அண்ணா வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டு, இடையில் பெயர் தெரியாத ஒரு குளிர் ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தொலைபேசி அழைப்புக்காக அம்மா சாப்பாட்டைத் தள்ளிவைத்துக் காத்திருப்பார். அந்த வழியில் என்னை விடுவதில்லை என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். ஆனால் அது யுத்தகாலம், கொழும்பில் வைத்திருக்கவும் அவருக்குப் பயம். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். சுற்றிவளைப்பு நடக்கும் நாட்களில் பொலிஸ் பதிவையும் அடையாள அட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி.

எங்கள் பேராசிரியருக்கு இங்கிலாந்தில் எக்ஸ் கதிர் ஆய்வுகூடம் வைத்திருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர் இருந்தார். மாணவர்கள் நாங்கள் பேராசிரியரை மிஸ் என்றே அழைப்போம். அவர் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் இருந்தார். ஒருநாள் மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"படிகத்தைக் கொண்டு வா, அது நல்லாயிருந்தால் அதை வளர்த்த பிள்ளையை நான் எடுக்கிறன் எண்டு அவர் சொல்லியிருக்கிறார். நான் அடுத்த மாதம் போறன். அதுக்குள்ள ஏதாவது செய்யும்."

அதாவது, படிகம் என்றால் எனக்கு இடம், விசா, வழி. கலங்கல் என்றால் கொட்டாஞ்சேனை.

அந்த ஆண்டு மழை பொய்த்து, நீர்மின் தேக்கங்கள் வற்றிக் கிடந்தன. நாளுக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்கும் என்று பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். குளிர் ஒரே அளவாக இருக்க வேண்டிய தட்டுகள் ஆய்வுகூடத்தில் வெந்துகொண்டிருந்தன. கடைசியில் எங்கள் தெருமுனையில் பாமஸி வைத்திருந்த நானாவிடம் போனேன். ஐம்பது தாண்டிய முஸ்லிம் வியாபாரி, தெரு முழுக்க அவரை நானா என்றுதான் கூப்பிடும். மடுவத்தில் எனக்கு வழி காட்டிவிட்டவரும் அவருடைய மச்சான்தான். நானாவிடம் இன்சுலின் வைக்கிற பிரிஜ் ஒன்றும், அதற்கென்றே ஒரு சின்ன ஜெனரேற்றரும் இருந்தன.

"இது எனத்த மகள், முட்டை வைக்கிற தட்டா?" என்று திருப்பிப் பார்க்கப் போனார்.

"ஆட்டாதேங்கோ நானா!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். நானா பாவம், தட்டை இரண்டு கையாலும் தாங்கி, இன்சுலின் போத்தல்களுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்தார். இன்சுலினும் ஒரு புரதம்தான், அதற்கும் வடிவம் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னேன். அப்படியானால் இரண்டும் சொந்தக்காரர்கள் என்று சிரித்தார்.

அம்மாவுக்கு இதெல்லாம் 'கல்'. படிகம் என்பதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் ஒருநாள் நான்தான் அப்படிச் சொல்லிவைத்தேன். நான் வீட்டுக்குள் காலடி வைத்தவுடன், "கல் வளந்திட்டுதோ?" என்பார். இல்லை என்றால் முகம் வாடிவிடும். மகளுக்குக் கல் வளரவேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருப்பதாகக் கீழ்வீட்டு அன்ரியிடம் சொல்லியிருக்கிறார். அன்ரி அன்று மாலையே செம்பு நிறைய வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொண்டுவந்து, நின்று குடிக்கவைத்துவிட்டுத்தான் போனார். கல்லு வளரக் கூடாது பிள்ளை, கரையவேணும் என்று புத்தியும் சொன்னார். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை, குடித்துவிட்டேன்.

மிஸ் புறப்பட இன்னும் கொஞ்ச நாட்களே இருந்தபோது ஒரு மாலையில் நானாவின் கடைக்குப் போனேன். ஜெனரேற்றர் சத்தம் இல்லை. கடைக்குள் ஒரு மெழுகுதிரி. மேசையில் ஒரு ரெஜிபோம் பெட்டி, மீன்காரர்கள் ஐஸ் போட்டு வைப்பார்களே, அது.

"டீசல் எங்கயும் கெடைக்கல்ல மகள். காலம்பற இருந்து இப்பிடித்தான். ஆனா பயப்பட வாணாம். முகத்துவாரத்தில இருந்து ஐஸ் எடுப்பிச்சி இன்சுலினெல்லாம் இதுல வெச்சிட்டேன்."

"என்ர தட்டு?"

அவர் பிரிஜ்ஜைக் கைகாட்டினார். "அது அங்கேயே ஈக்கிது. தண்ணிச் சொட்டு தானே மகள், அதுக்கு எனத்த வாற?"

நான் அவரைத் திட்டினேன். வயதுக்கு மரியாதை இல்லாமல்தான் திட்டினேன். ஒரு போத்தல் இன்சுலின் போனால் இன்னொன்று வாங்கலாம், அந்தச் சொட்டுக்கு நான் எத்தனை மாட்டின் வயிற்றைப் பார்த்தேன் தெரியுமா என்று கேட்டேன். அவர் ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு, "இந்த இன்சுலின் இல்லாட்டி இந்தத் தெருவுல நாளைக்கி ஊசி போட ஒண்டுமில்ல மகள். அதுதான் மொதல்ல அதப் பாத்தேன்," என்றார். ஆனாலும் எனக்குக் கோபம் போகவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்தடுத்த நாட்களில் டீசல் வருவதும் போவதுமாக இருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் தட்டை எறிவதற்காகத்தான் போனேன். நானா மருந்துப் பெட்டிகளில் பொடி எழுத்து வாசிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை வாங்கி, எறியுமுன் சும்மா ஒருதரம் பார்த்தேன். ஒரு குழியில், ஒரே ஒரு குழியில், சொட்டுக்கு நடுவே ஒரு மணி. ஓரங்கள் நேர்கோடாக வெட்டியது மாதிரி இருந்தன. தட்டைச் சரித்தபோது அதில் வெளிச்சம் பட்டுத் தெறித்தது.

நானாவுக்கும் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "இதுக்குத்தானா என்னைய அந்த ஏச்சு ஏசின?" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய் மஸ்கட் இனிப்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

நான் செய்த முதல் காரியம், ஒரு சிவப்புப் பேனா வாங்கி அந்தக் குழியைச் சுற்றித் தட்டின் மேல் வட்டம் போட்டது. படிகம் வந்த குழியை அடையாளம் வைக்காத ஆய்வுக்காரர் உலகத்தில் இல்லை.

மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய குரல் மாறிவிட்டது. "ஓமோ? உண்மையாவோ?" என்று மூன்றுதரம் கேட்டார். நான் என் சந்தேகத்தைச் சொன்னேன். பிரிஜ் சூடாகிய நேரத்தில் வந்தது, உப்பாக இருந்தாலும் இருக்கும், ஊசியால் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"விசரோ உமக்கு? ஒண்டே ஒண்டு வந்திருக்கு. அதைத் தொடாதேயும். கொண்டு வாரும், நான் அப்பிடியே கொண்டுபோறன்."

"உப்பெண்டால் மிஸ்?"

"உப்பெண்டால் அங்க போய் வெக்கப்படுவம்."

வெட்கப்படப்போவது அவர், போகமுடியாமல் போவது நான் என்று எனக்குள் முணுமுணுத்தேன். அம்மாவிடம் கல் வளர்ந்துவிட்டது என்று சொல்லியாகிவிட்டது. அவர் கோயிலுக்குப் போய்த் தேங்காயும் உடைத்துவிட்டு வந்திருந்தார். என் கண்ணுக்குள் அந்த மணி மட்டும் இருந்தது, உப்பா புரதமா என்ற கேள்வியோடு.

அந்த வாரம் பல்கலைக்கழகம் மூடியிருந்தது. மிஸ் உருப்பெருக்கியையும் வீட்டுக்கே கொண்டுபோயிருந்தார். தட்டைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கொண்டுபோக வேண்டும். நானா அந்த ரெஜிபோம் பெட்டியைக் கழுவித் துடைத்து, ஐஸ் பொதிக்கு மேல் துணி மடித்து, அதன்மேல் தட்டை வைத்துத் தந்தார். த்ரீவீலரில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பள்ளம் வந்தால் நிறுத்தி இறக்குங்கள், பஸ்ஸை முந்தாதேயுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்டுச் சாரதி பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, உள்ளுக்கு என்ன, குஞ்சு பொரிக்கப் போகுதா?"

காலிமுகத்திடல் தாண்டி, கொள்ளுப்பிட்டிக்கு இந்தப் பக்கம் செக் பொயின்ற். த்ரீவீலரை ஓரங்கட்டச் சொன்னார்கள். அடையாள அட்டையைக் கொடுத்தேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வாசித்த சிப்பாய் என்னை இறங்கச் சொன்னான். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான். வெயிலில் நின்று நின்று மூக்கு உரிந்திருந்தது. பெட்டியைத் திறக்கச் சொல்லித் தட்டைப் பார்த்தான்.

"மே மொனவத?" இது என்ன என்று கேட்டான்.

செக் பொயின்றில் இரசாயனத்தின் பெயரைச் சொல்வதில்லை என்பது எங்கள் ஆய்வுகூடத்தில் தமிழர்களுக்கிடையே ஒரு பழக்கம். அமோனியம் என்று வாய் திறந்தால் குண்டு என்றுதான் நினைப்பார்கள், மிச்சத்தைப் பொலிஸ் நிலையத்தில்தான் சொல்லவேண்டியிருக்கும். கேட்டால் 'பெஹெத்' என்று சொல்ல வேண்டும், மருந்து. மருந்தென்றால் அனுப்பிவிடுவார்கள். எனக்கு முன்னால் படித்தவர்கள் சொல்லித்தந்தது, நானும் பலமுறை சொல்லித் தப்பியது.

"பெஹெத்," என்றேன்.

"எந்த நோய்க்கு?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"பரவாவுக்கு." யானைக்காலுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர்.

துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்தான். "என் அம்மாவுக்கும் பரவாதான், நங்கி. இடது கால். செருப்புப் போட முடியாது." நங்கி என்றால் தங்கச்சி. மாத்தறைக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் ஏதோ ஊர் சொன்னான். தட்டை நெருங்கிப் பார்த்தான். எல்லாக் குழிகளும் ஒன்றுபோல இருந்தன, ஒன்றைத் தவிர. சிவப்பு வட்டமிட்ட குழியின் கண்ணாடியை விரல் நகத்தால் நெம்பினான்.

"எபா!" வேண்டாம் என்று கத்தினேன். கத்திய பிறகுதான், துப்பாக்கி வைத்திருக்கிறவனிடம் கத்திவிட்டேன் என்று உறைத்தது. சாரதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் கண்ணாடி அவன் கையில் புரண்டுவிட்டது. சொட்டை நுனிவிரலால் தொட்டு எடுத்தான். பூச்சு மருந்தென்று நினைத்திருக்கிறான். இரண்டு விரலுக்கிடையில் வைத்து, தைலம் தேய்ப்பது போலத் தேய்த்தான்.

அவனை அறையவேண்டும் போல இருந்தது. எத்தனை மாதம், எத்தனை மாடு, அம்மாவின் தேங்காய், அண்ணா இல்லாத வீடு, எல்லாம் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே போய்விட்டன. அழுகை வரவில்லை. வந்தது ஒரு கேள்வி. என் தலை எப்படிப்பட்ட தலை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"மல்லி, தேய்த்தபோது மணல் மாதிரி இருந்ததா?" என்று தம்பி முறை சொல்லி அவனைச் சிங்களத்தில் கேட்டேன்.

அவனுக்கு விளங்கவில்லை. "என்ன?"

"விரலுக்குள் ஏதாவது நறநறவென்று இருந்ததா? கல்லு மாதிரி, உப்பு மாதிரி?"

அவன் விரல்களை மறுபடி தேய்த்துப் பார்த்தான். கவனமாகத்தான் பார்த்தான். "கல் இல்லை. ஒரு சின்னக் கட்டி இருந்தது, நசிந்துவிட்டது. மெது. ஜெலி வகே."

ஜெலி மாதிரி.

நான் சிரித்துவிட்டேன். செக் பொயின்றில் நின்று சிரித்த ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன். உப்பு இல்லை. புரதம். நாங்கள் பிடித்துவிட்டோம், பிடித்ததை அந்த நிமிடமே தொலைத்தும்விட்டோம். அவனும் ஏனென்று தெரியாமல் சிரித்தான். கண்ணாடியைத் துடைத்து, பத்திரமாகப் பழைய இடத்திலேயே மூடி வைத்தான். பெட்டியைத் தூக்கித் த்ரீவீலருக்குள் அவனே வைத்தான்.

"இந்த மருந்து எப்போது வரும், நங்கி?"

அவன் என்ன செய்துவிட்டான் என்பதை அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நாளாகும் என்று மட்டும் சொன்னேன். நாளானால் பரவாயில்லை என்றான்.

மிஸ் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். நடந்ததைச் சொன்னேன். கதிரையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"ஜெலி மாதிரி எண்டோ சொன்னவன்?"

"ஓம் மிஸ்."

"நல்லாக் கேட்டனீரோ?"

"ரெண்டுதரம் தேய்ச்சுப் பாத்துச் சொன்னவன்."

"அப்ப புரதம்தான்," என்றார். கடற்கரை ரயில் ஒன்று போனது, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் படிகம் இல்லாமல்தான் விமானம் ஏறவேண்டும். அந்தச் சிநேகிதர் இன்னொருதரம் காத்திருப்பாரா என்று தெரியாது. ஆனால் மிஸ் என்னைத் திட்டவில்லை. எல்லாத் தட்டுக்கும் ஒரே கரைசல்தானே, இத்தனை மாதம் வராதது இந்த முறை ஏன் வந்தது என்று கேட்டார்.

வேறாக இருந்தது ஒன்றுதான். பிரிஜ் நின்றது. சூடேறி, மறுபடி மெல்லக் குளிர்ந்து, திரும்பவும் சூடேறி. ஆய்வுகூடத்தில் கரண்ட் வரும் கொஞ்ச நேரத்துக்குள் எதுவும் குளிரவில்லை, சூடுபட்டவை முழுக்கக் கெட்டுப்போயின. நானாவின் கடையில் மட்டும் சூடும் குளிரும் மாறி மாறி வந்தன. கரண்ட் போகக் கூடாது போகக் கூடாது என்று நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருக்க, படிகம் கரண்ட் போவதற்காகக் காத்திருந்திருக்கிறது.

புதிதாக ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு நானாவிடம் போய்க் கேட்டேன். நீங்கள் பிரிஜ்ஜை நிறுத்தவேண்டும், பிறகு போடவேண்டும், பிறகும் நிறுத்தவேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நிண்டதுக்கும் ஏச்சு. இப்ப நிப்பாட்டச் சொல்லியும் நீங்களே வாறீங்க."

ஆனாலும் செய்தார். கடை சாத்துகிற நேரங்களாகப் பார்த்து, இன்சுலினை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் பிரிஜ்ஜை நிறுத்தினார். ஜும்மாவுக்குப் போகும்போது ஒருதரம், மாலையில் ஒருதரம். ஒருநாளும் இன்சுலினை மறக்கவில்லை. அவருக்கு முதலில் இன்சுலின், பிறகுதான் நான். அதுதான் சரி என்று அப்போது எனக்கும் விளங்கியிருந்தது. மிஸ் திரும்பி வந்து, அவருக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் தட்டைக் கொண்டுபோகச் சம்மதித்து இங்கிலாந்து போகவிருந்த நேரத்தில், அதில் ஒன்றல்ல, பல குழிகளில் படிகங்கள் இருந்தன. அந்தச் சிநேகிதரும் காத்திருந்தார்.

இந்த முறை ஒரு குழிக்கும் வட்டம் போடவில்லை. தட்டோடு மிஸ் வீட்டுக்குப் புறப்படும்போது நானாவிடம் அந்தச் சிப்பாயின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு பூச்சு மருந்துக் குழாயை எடுத்துத் தந்தார். வீங்கின காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, விரலிடுக்கில் இதைப் பூசச் சொல்லுங்கள், புண் வராது, காய்ச்சல் வராது என்றார். வீக்கம் போகாது என்றும் சொன்னார். நான் அதைக் கைப்பையில் மேலாக வைத்துக்கொண்டேன். சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று த்ரீவீலரில் இருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அதே செக் பொயின்ற். வேறு சிப்பாய், கொஞ்சம் வயதானவன். பெட்டியைத் திறக்கச் சொன்னான்.

"மே மொனவத?"

"லுணு வத்துர," என்றேன். உப்புத் தண்ணீர். அத்தனை நாள் எதுவாக இருந்துவிடக் கூடாதென்று பயந்தேனோ, அதன் பெயரையே சொன்னேன். பாடசாலைச் சோதனைக்கு என்றும் சேர்த்துக்கொண்டேன். அவன் கண்ணாடிகளின் மேலாக ஒரு பார்வை பார்த்தான், ஆர்வமில்லாமல் மூடியைப் போட்டான். போகலாம் என்றான்.

நான் ஏறவில்லை. இங்கே நின்ற மற்றத் தம்பி, மாத்தறைப் பக்கத்துப் பையன், மூக்கு உரிந்தவன், எங்கே என்று கேட்டேன்.

"அவனா? வன்னிச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள்."

"எப்போது வருவான்?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். வன்னிக்குப் போனவனைப் பற்றி ஒரு தமிழ்ப் பெண் ஏன் கேட்கிறாள் என்று யோசித்திருப்பான். தெரியாது என்று தோளைக் குலுக்கினான். அவனுடைய ஊரின் பெயரும் இவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் மறந்துவிட்டது. அன்று அவன் சொன்னபோது நான் அவன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக் குழாயைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு ஏறினேன். படிகம் நசிந்த அன்று வராத அழுகை பம்பலப்பிட்டியில் வந்தது. சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலே மெதுவாக ஓட்டினார்.

அந்தப் படிகங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன, நானும் பின்னால் போனேன். நொதியின் வடிவம் கிடைத்தது. பள்ளம் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று தெரிந்தது. அதற்குள் போய் உட்காரும் மருந்தைப் பலர் தேடினார்கள், நானும் தேடினேன், பிறகு கொழும்புக்குத் திரும்பி வந்து இங்கிருந்தும் தேடுகிறேன். சோதனைக் குழாயில் நன்றாக உட்கார்ந்தவை உடம்புக்குள் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் நாளாகும் என்று நான் அவனிடம் சொன்னது அந்த நேரத்தில் தப்புவதற்குச் சொன்னதுதான். அது இன்னமும் அப்படியே இருக்கிறது, மருந்து இன்னும் வரவில்லை.